மாத்திரையை நிறுத்திவிட்டு அக்குபஞ்சருக்குப் போகலாமா?

காங்கேயம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அக்குபஞ்சர் செய்துகொண்டால் கரு தங்குமா என்பது உங்கள் கேள்வியின் முதல் வரி. அதன் கீழே தந்திருக்கும் விவரங்களையும் சேர்த்துப் படித்தபோது எனக்குக் கேள்வி வேறாகத் தெரிந்தது. வயது 31, திருமணமாகி ஐந்து ஆண்டுகள், சினைப்பையில் நீர்க்கட்டி, தைராய்டுக்குத் தினமும் மாத்திரை. ஒருமுறை ஐவிஎஃப், அதாவது உடம்புக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை, செய்து கரு வைத்தும் தங்கவில்லை. உறைய வைத்த கருக்கள் இரண்டு மையத்தில் இருக்கின்றன. நகையை அடகு வைத்து முதல் சுற்றை முடித்த வீட்டுக்கு இரண்டாவது சுற்று பெருஞ்சுமையாக நிற்கிறது. இந்த நேரத்தில் உங்கள் மாமியாருக்குத் தெரிந்த ஒரு சிகிச்சையாளர், எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டுத் தொண்ணூறு நாள் தன்னிடம் வந்தால் தானாகவே நிற்கும் என்றும், நின்ற பிறகு ஸ்கேனும் மருந்தும் இல்லாமல் வீட்டிலேயே பிள்ளை பெறலாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஆகவே இருக்கிற மருத்துவத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் அக்குபஞ்சரை வைக்கலாமா என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது. மாமியாருக்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது சிறிய கேள்வி இல்லை என்பதால் கடைசியில் அதற்கும் வருகிறேன்.

நான் யோகா, இயற்கை மருத்துவத்தில் ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு படித்தவள். அந்தப் படிப்பிலேயே அக்குபஞ்சரும் ஒரு பாடம். பிறகு தனியாகவும் பயிற்சி எடுத்துக்கொண்டு, ஈரோடு மாவட்டத்தில் 22 ஆண்டுகளாக ஊசி போட்டு வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பனியன் கம்பெனியில் மெஷினில் உட்காருகிறவர்கள், தறிக்குடும்பத்துப் பெண்கள், தோட்டத்துக்காரர்கள். என் வருமானம் இந்த ஊசியிலிருந்துதான் வருகிறது. உங்கள் ரிப்போர்ட்டுகளை நான் பார்க்கவில்லை, நாடியும் பார்க்கவில்லை. எனவே கீழே சொல்வதைப் பொதுவான விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவைக் கூட்டுவதையும் குறைப்பதையும் உங்கள் மகப்பேறு மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

முதலில் நேரான பதில். மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். சிகிச்சையை நிறுத்தாமல், கூடவே அக்குபஞ்சரும் செய்துகொள்ள விரும்பினால், சுத்தமான ஊசியோடு முறையாகப் படித்தவரிடம் செய்துகொள்வதில் கெடுதல் இல்லை. மனம் சற்று இளகும், தூக்கம் வரும். ஆனால் அதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். நல்ல முறையில் நடந்த பெரிய ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

ஐவிஎஃப்போடு அக்குபஞ்சர் சேர்ந்த கதை 2002இல் ஜெர்மனியில் தொடங்கியது. கருவைக் கருப்பைக்குள் வைப்பதற்கு முன் 25 நிமிடமும் பின் 25 நிமிடமும் ஊசி போட்டு 160 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஊசி போட்ட 80 பேரில் 34 பேருக்குக் கரு நின்றது. சும்மா படுத்திருந்த 80 பேரில் 21 பேருக்கு. நான் தொழிலுக்கு வந்த புதிதில் இந்த எண்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். உலகம் முழுதும் ஐவிஎஃப் மையங்களில் அக்குபஞ்சர் அறை வந்ததற்கு இந்த ஓர் ஆய்வு பெருங்காரணம். அதில் ஒரு குறை இருந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தாங்கள் ஊசி போட்டுக்கொண்டது தெரியும், மற்றவர்களுக்குத் தங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதும் தெரியும். எண்ணிக்கையும் சிறிது. அடுத்தடுத்து வந்த ஆய்வுகளில் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை.

இதைத் தீர்க்கப் போலி ஊசி வந்தது. தேர்க்கடையில் பிள்ளைகளுக்கு விற்கும் பொம்மைக் கத்தியைப் பார்த்திருப்பீர்கள். குத்தினால் அலகு பிடிக்குள் போய்விடும், உள்ளே இறங்கியது போலத் தோன்றும். போலி ஊசியும் அப்படித்தான். முனை மழுங்கலாக இருக்கும், தோலில் படும், குத்தாது. படுத்திருக்கும் பெண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 848 பெண்களைச் சேர்த்து இப்படி நடத்திய ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. உண்மையான ஊசி போட்டவர்களில் குழந்தை பெற்றவர்கள் 18.3 சதவீதம், போலி ஊசியில் 17.8 சதவீதம். அரை சதவீத வேறுபாடு என்பது வேறுபாடே இல்லை என்பதற்குச் சமம். அந்தத் தாளை நான் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன்.

உங்கள் நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று சீனாவிலேயே நடந்து 2017இல் வந்தது. அக்குபஞ்சரின் தாய்வீட்டில், அதில் ஊறியவர்கள், நீர்க்கட்டி உள்ள 1,000 பெண்களிடம் செய்தது. அவர்களை நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு உண்மை ஊசியும் முட்டை வளர க்ளோமிஃபீன் மாத்திரையும். இன்னொன்றுக்குப் போலி ஊசியும் அதே மாத்திரையும். மூன்றாவதுக்கு உண்மை ஊசியும் வெற்று மாத்திரையும். நான்காவதுக்கு இரண்டுமே போலி. குழந்தை பிறந்த கணக்கு அதே வரிசையில் 29.4, 28.0, 13.9, 16.8 சதவீதம். மாத்திரை வாய்ப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. ஊசி எதையும் கூட்டவில்லை.

அந்தக் கடைசி எண்ணைத் திரும்பப் பாருங்கள். மருந்தும் இல்லை, உண்மை ஊசியும் இல்லை, இரண்டும் வேஷம். அப்படியிருந்தும் நூற்றுக்குப் பதினாறு பதினேழு பேர் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். நீர்க்கட்டி இருப்பது குழந்தையே பிறக்காது என்பதாகாது. முட்டை சில மாதம் தானாகவே வெளிவரும், கருவும் நிற்கும். அந்தச் சிகிச்சையாளரிடம் போய்ப் பிள்ளை பெற்றவர்களை உங்கள் மாமியார் பார்த்திருப்பார்; அந்தச் சாட்சிகளுக்கு விளக்கம் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நூறு பெண்கள் ஒரு சிகிச்சையாளரிடம் போனால், அவர் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், பத்துப் பதினைந்து பேர் ஆண்டு முடிவதற்குள் தட்டில் பழமும் இனிப்பும் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். மீதிப்பேர் சொல்லாமல் வேறு இடம் தேடிப் போயிருப்பார்கள். அந்தச் சிகிச்சையாளர் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். எனக்கும் அந்தத் தட்டுகள் வந்திருக்கின்றன. கோபியிலிருந்து ஒரு தம்பதி கைக்குழந்தையோடு வந்து, "உங்க கைராசிதானுங்க டாக்டரம்மா" என்று காலில் விழப் போனார்கள். அந்தப் பெண் என்னிடம் வந்த அதே மாதங்களில் மகப்பேறு மருத்துவரிடம் முட்டை வளர லெட்ரோசோல் என்ற மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லி, அந்த டாக்டரையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று அனுப்பினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல சிகிச்சையகங்களின் சுவரில் இதை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது என்று ஒரு பலகை இருக்கும். அந்த நிறுவனம் 2003இல் ஓர் அறிக்கை வெளியிட்டது உண்மை. மசக்கை வாந்தி, தலை திரும்பாத குழந்தை, பிரசவ வலியைத் தூண்டுதல் ஆகியவை அதில் முதல் பட்டியலில் இருந்தன. பெண்களின் குழந்தையின்மையும் சினைப்பை நீர்க்கட்டியும் இன்னும் நிரூபிக்க வேண்டியவை என்ற இரண்டாம் பட்டியலில் இருந்தன. பலகை எழுதுகிறவர்கள் இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கி விடுகிறார்கள். அந்த அறிக்கை 1990களின் இறுதி வரை வந்த ஆய்வுகளை வைத்து எழுதியது. நான் மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாமே அந்தக் காலத்துக்குப் பின் வந்தவை.

அப்படியானால் ஊசியே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்தடுத்த ஸ்கேன்களுக்கும் வீட்டாரின் "ஏதாவது விசேஷமா" என்ற கேள்விக்கும் நடுவில் இருக்கும் பெண்ணுக்கு, வாரத்தில் ஒருநாள் அரை மணி நேரம் யாரும் எதுவும் கேட்காமல் கண்ணை மூடிப் படுத்திருப்பதே பெரிய ஆறுதல். பதற்றம் குறைவதாகச் சிறிய ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. என் அனுபவமும் அதுதான். அது ஊசியால் வருகிறதா, படுத்திருப்பதால் வருகிறதா, பேசக் காது கொடுத்ததால் வருகிறதா என்பதில் எங்கள் துறைக்குள்ளேயே இன்னும் விவாதம் நடக்கிறது. போலி ஊசியும் தோலைத் தொடுகிறது, அதனால் அதற்கும் சிறு விளைவு இருக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். வலி, பதற்றம் போன்றவற்றில் அந்த வாதத்துக்கு இடம் உண்டு. குழந்தை பிறந்ததா இல்லையா என்ற கணக்கில் அது எடுபடாது.

நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டு. திருப்பூரில் சாயப்பட்டறையில் துணியைச் சூட்டில் காயவைக்கும் ஸ்டென்டர் மெஷின் ஓட்டுகிறவரின் மனைவி, 29 வயது. எட்டு மாதம் வாரந்தோறும் பஸ் ஏறி வந்தாள். நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன், மாதவிலக்கின் ஒவ்வொரு நாளையும் நோட்டில் குறித்தேன். கணவரை ஒரு விந்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. கடைசியில் ஒரு மகப்பேறு மருத்துவர் கேட்டார், பரிசோதித்தார்கள், அணுக்கள் மிகமிகக் குறைவு. அந்தப் பெண் என்னிடம் கோபப்படவில்லை. "எட்டு மாசம் அவரு ஒருநாள் வந்திருந்தா போதுமுங்களா?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து கணவர் வராத முதல் சந்திப்பை நான் ஏற்பதில்லை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் சேர்ந்திருக்கிறது. நீங்கள் எழுதியதில் உங்கள் கணவரின் பரிசோதனை பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஐவிஎஃப் மையத்தில் செய்திருப்பார்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும். வெப்பமான இடத்தில் வேலை, புகை, மது இவற்றில் செய்யும் மாற்றத்தின் பலன் மூன்று மாதம் கழித்தே தெரியும்.

இனி, நிறுத்தச் சொன்ன மாத்திரைகள். தைராய்டு மாத்திரையை நிறுத்தினால் மாதவிலக்கு குழம்பும், கருச்சிதைவு வாய்ப்பு கூடும். கரு நின்ற முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு சுரப்பே ஆதாரம், ஏனெனில் குழந்தையின் சுரப்பி அப்போது வேலை செய்யத் தொடங்கியிருக்காது. கருவுற்றவுடன் அந்த மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் நேரத்தில் அதை நிறுத்தச் சொல்வது பெருந்தவறு. ஃபோலிக் ஆசிட் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறையைத் தடுக்கிறது. கரு நிற்பதற்கு முன்பே அது உடம்பில் இருக்க வேண்டும். உறைகருவை மாத்திரை கொடுத்துத் தயாராக்கிய கருப்பையில் வைக்கும்போது, அந்த ஹார்மோன் மாத்திரைகள்தான் முதல் எட்டுப் பத்து வாரம் கருவைத் தாங்குகின்றன. அதற்குள் அவற்றை நிறுத்தினால் நின்ற கருவும் போய்விடும். இதைச் செய்துவிட்டு அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உங்களைப் பொறுத்தவரை மூன்று மாதம் காத்திருப்பது மட்டும் பெரிய இழப்பாகாது. உறைய வைத்த கருவுக்கு வயது ஏறாது, உங்களுக்கும் 31 வயதுதான். பணம் சேரும் வரை நிதானமாக இருக்கலாம். அந்த மூன்று மாதத்தில் நடைப்பயிற்சியும் உணவும் பார்த்து, எடை கூடுதலாக இருந்தால் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே நீர்க்கட்டி உள்ள பலருக்கு முட்டை தானாக வெளிவரத் தொடங்குகிறது. லெட்ரோசோல் எடுத்துப் பார்த்தீர்களா என்றும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். 2014இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் செய்த ஆய்வில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதமும் பழைய க்ளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதமும் குழந்தை பெற்றார்கள். லெட்ரோசோல் செலவு குறைந்த மாத்திரை. உங்கள் கருக்குழாய்கள் நன்றாக இருந்து, கணவரின் அணுக்களும் சரியாக இருந்தால் இந்த வழி அடைபட்டுவிட்டதா என்று கேட்பது நியாயமான கேள்வி.

கரு நின்ற பிறகு அக்குபஞ்சர் எதற்கு உதவும் என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் நம்பிக்கையோடு பேச முடிகிறது. மசக்கை வாந்திக்கு மணிக்கட்டின் உட்புறம் ஒரு புள்ளி உண்டு. கை மடிப்பு ரேகையிலிருந்து உங்கள் மூன்று விரல் அகலம் முழங்கைப் பக்கம் தள்ளி, நடுவில் ஓடும் இரண்டு தசைநாண்களுக்கு இடையில் கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். ஆஸ்திரேலியாவில் 593 பெண்களிடம் செய்த ஆய்வில் ஊசி போட்டவர்களுக்குக் குமட்டல் முதல் இரண்டு வாரத்திலேயே குறைந்தது. போலி ஊசியிலும் மூன்றாம் வாரத்திலிருந்து குறைந்தது. எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் சாட்சி கலவையாகவே இருக்கிறது. ஆனால் காசு செலவில்லாத, கெடுதல் இல்லாத காரியம்; செய்து பார்ப்பதில் தடையில்லை. குடித்த தண்ணீரும் நிற்காமல், சிறுநீர் குறைந்து, எடை இறங்கினால் புள்ளியைத் தேடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரியில் டிரிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இடுப்பு வலிதான் நான் கர்ப்பிணிகளுக்கு மனநிறைவோடு ஊசி எடுக்கும் இடம். ஆறாம் மாதத்துக்கு மேல் படுக்கையில் புரள முடியாமல், மாடிப்படி ஏற முடியாமல் வருகிறவர்கள் அதிகம். எட்டு மணி நேரம் ஓவர்லாக் மெஷினில் குனிந்திருக்கும் பெண்களுக்கு இது இன்னும் கடுமை. ஸ்வீடனில் 386 கர்ப்பிணிகளிடம் செய்து 2005இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு அக்குபஞ்சரும் சேர்த்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. அதே குழு பிறகு போலி ஊசியோடு ஒப்பிட்டபோது வலியில் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் மறைக்காமல் வெளியிட்டது. கர்ப்ப காலத்தில் வலி மாத்திரைகள் பலவும் விலக்கு என்பதால், மாத்திரை இல்லாமல் வலி தணியும் வழி எந்த வகையில் வேலை செய்தாலும் அது எனக்குப் பயனுள்ளதாகவே படுகிறது. 20 வாரத்துக்கு மேல் மல்லாக்கப் படுக்க வைக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் போடுகிறேன்; சாப்பிடாமல் வந்தவர்களுக்குப் போடுவதில்லை, மயக்கம் வரும்.

தலை திரும்பாத குழந்தைக்கு ஊசி இல்லை, மோக்ஸா என்ற சூடு. மாசிபத்திரி இனத்துச் செடியின் காய்ந்த இலையைச் சுருட்டுப் போல உருட்டிக் கொளுத்தி, கால் சுண்டுவிரல் நகத்தின் வெளி ஓரத்துக்கு அருகே, தோலில் படாமல் காட்டுவது. 1998இல் வெளியான சீன ஆய்வில், முதல் கர்ப்பத்தில் 33ஆம் வாரத்தில் இருந்த 260 பெண்களில், சூடு காட்டியவர்களில் 75.4 சதவீதம் பேருக்கு 35ஆம் வாரத்தில் குழந்தையின் தலை கீழே வந்தது. ஒன்றும் செய்யாதவர்களில் 47.7 சதவீதம். பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இதில் ஓரளவு பலன் இருக்கலாம் என்றே சொல்கிறார்கள், சிசேரியன் எண்ணிக்கை குறைவதாகத் தெரியவில்லை என்றும் சொல்கிறார்கள். பவானியில் ஜமுக்காளம் நெய்யும் வீட்டுப் பெண்ணுக்கு 34ஆம் வாரத்தில் இதைச் சொல்லிக் கொடுத்தேன். அவளுடைய கணவர், தன் ஆள்காட்டி விரலை அவள் சுண்டுவிரலை ஒட்டி வைத்து, தன் விரலுக்குச் சூடு பொறுக்காதபோது சுருட்டை நகர்த்திக்கொள்வார். நாளுக்கு இரண்டு வேளை, ஒரு காலுக்குப் பதினைந்து நிமிடம், மாடியில் காற்றோட்டமாக. ஒன்பதாம் நாள் ஸ்கேனில் தலை கீழே இருந்தது. சூட்டால் திரும்பியதா, தானே திரும்பியதா என்று அந்த ஒரு குழந்தையை வைத்து யாரும் சொல்ல முடியாது. சீன ஆய்வில் சும்மா இருந்தவர்களிலும் பாதிக் குழந்தைகள் திரும்பியிருக்கின்றனவே. நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்கள், இரட்டைப் பிள்ளை, இரத்தப்போக்கு, முன்பு சிசேரியன் ஆனவர்கள் ஆகியோருக்கு நான் இதைச் செய்வதில்லை. சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். 37ஆம் வாரம் போல மகப்பேறு மருத்துவர் வயிற்றின் மேல் கையால் திருப்பிப் பார்க்கும் முறையும் உண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது பலிக்கிறது. அதைக் கேட்டுப் பாருங்கள்.

கர்ப்பத்தில் தொடக்கூடாத புள்ளிகள் என்று பழைய நூல்கள் சிலவற்றைச் சொல்கின்றன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ளது, உள் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே உள்ளது, அடிவயிறு, கீழ்முதுகு. இவற்றைக் குத்தினால் கரு கலையும் என்பது மரபு. கலைந்ததாக ஆய்வுகளில் காட்டப்படவில்லை. ஸ்வீடன் ஆய்விலேயே விலக்கான புள்ளிகளில் சிலவற்றில் ஊசி போட்டிருக்கிறார்கள். இருந்தும் 37 வாரம் முடியும் வரை நான் அவற்றை விட்டுவிடுகிறேன். ஊசி போட்ட வாரம் தற்செயலாகக் கரு கலைந்தாலும், அந்தப் பெண் ஆயுள் முழுதும் அந்த ஊசியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

பிரசவத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். நாள் கடந்தவர்களுக்கு ஊசி போட்டு வலி வரவழைப்பது நம்பத்தக்கதாக நிரூபிக்கப்படவில்லை. டென்மார்க்கில் 125 பெண்களிடம் போலி ஊசியோடு ஒப்பிட்டபோது பயன் இல்லை. வலியின்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள அந்தப் புள்ளியையும் இடுப்பையும் உடன் இருப்பவர் அழுத்திவிடுவது வலியைச் சற்றுத் தாங்கக்கூடியதாக்கலாம். சாட்சி வலுவானதல்ல, ஆனால் நம் அம்முச்சிகள் இடுப்பைப் பிடித்துவிட்டதற்கும் இதற்கும் நெடுந்தூரம் இல்லை. ஆஸ்பத்திரியில் உடனிருக்க அனுமதிக்கும் உறவுக்காரப் பெண்ணுக்கு இதை முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்.

வீட்டுப் பிரசவத்தைப் பற்றி மட்டும் நான் தயங்காமல் சொல்வேன்: வேண்டாம். பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்காமல் போனால், நல்ல உடம்புள்ள பெண்ணும் சில மணி நேரத்தில் இரத்தம் வடிந்து இறந்துவிடக்கூடும். யாருக்கு அப்படி ஆகும் என்று முன்னால் கண்டுபிடிக்கவே முடியாத நேர்வுகள் உண்டு. அப்போது தேவை ஆக்சிடோசின் ஊசியும் இரத்தமும். அதை நிறுத்தும் அக்குபஞ்சர் புள்ளி எதுவும் கிடையாது. 2018 ஜூலையில் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்க முயன்று ஓர் ஆசிரியை இரத்தப்போக்கால் இறந்தார். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் வீட்டுப் பிரசவத்தில் தாயும் குழந்தையும் இறந்தபோது, அக்குபஞ்சர் சிகிச்சையாளர் ஒருவரும் கைதானார். இரண்டாவது செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் செய்யும் தொழிலின் பெயர் அது.

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுப்பது பற்றி. மத்திய அரசு 2003இலும் 2019இலும் ஆணைகள் மூலம் அக்குபஞ்சரை ஏற்றிருக்கிறது. மேற்கு வங்கமும் மகாராஷ்டிரமும் தனிச் சட்டமே போட்டிருக்கின்றன. நம் ஊரில் அப்படியொரு சட்டம் இல்லாததால் சில நாள் வகுப்புக்குப் போனவரும் ஆறாண்டு படித்தவரும் ஒரே மாதிரிப் பலகை வைத்துக்கொள்ள முடிகிறது. என்ன படித்தீர்கள், எத்தனை ஆண்டு, எங்கே என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஊசி உங்கள் கண்முன்னே உறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும், பிறகு ஊசிப்பெட்டியில் போடப்பட வேண்டும். ஊசியே இல்லாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு அனுப்புகிறவர்களும் நம் பக்கம் நிறைய. அதில் கிருமி அபாயம் இல்லை, ஆபத்து எல்லாம் கூடவே சொல்லும் அறிவுரையில் இருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்காமல், மகப்பேறு மருத்துவரின் பெயரைக்கூடக் கேட்காமல், மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் மாமியாருக்கு என்ன சொல்வது? அவர் உங்களுக்குக் கெடுதல் நினைத்து இதைச் சொல்லவில்லை. மருமகள் மாத்திரையும் ஊசியுமாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் சொல்லியிருப்பார். வேண்டாம் என்று முகத்தில் சொன்னால் அது அவரைத் தள்ளிவிட்டதாகும். "அத்தை, அவர்கிட்டயே போலாமுங்க, மாத்திரைய மட்டும் நிறுத்த மாட்டேனுங்க, அதுக்கு அவரு ஒத்துக்கிட்டா வாரம் ஒருநாள் நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டுப் பாருங்கள். சிகிச்சையாளர் ஒத்துக்கொண்டால் வாரம் ஒருநாள் நீங்கள் இருவரும் சேர்ந்து போய் வருவீர்கள், அதில் நல்லதும் இருக்கலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் அதை உங்கள் மாமியாரே நேரில் கேட்டிருப்பார். அடுத்த முறை மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போகும்போதும் அவரை உள்ளே அழைத்துச் செல்லுங்கள், கணவரும் வரட்டும். தைராய்டு ரிப்போர்ட், கணவரின் விந்துப் பரிசோதனைத் தாள், முதல் சுற்றில் எத்தனை முட்டை எடுத்தார்கள், கரு எந்த நாளில் உறைய வைக்கப்பட்டது என்ற விவரம், இவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். லெட்ரோசோல் கேள்வியை மறக்காமல் ஒரு தாளில் எழுதி அதன் மேலே வையுங்கள்.